பஸ்ஸில் வந்த பயமும் குசினியில் வந்த பயமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, எழுவான்கரையில் (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை) கிராமம் ஒன்றைச் சேர்ந்த 31 வயதுப் பெண். முன்பள்ளி ஆசிரியை. கணவர் மேசன். ஆறு வயதில் ஒரு மகள். "பீதி நோய். மருந்துக்குச் சரியாக அடங்குதில்லை. பார்க்கவும்" என்ற ஒரு வரிக் கடிதத்தோடு எங்கள் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முறைப்பாடு ஒன்றுதான்: இரண்டு வருடமாகத் திடீர் திடீரென்று பயம் வருகிறது. பழைய கோப்பைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, 11 வயதில், தாயையும் தம்பியையும் கடல் கொண்டுபோனது. பெரியம்மாதான் வளர்த்தார். அந்த வரிக்குப் பிறகு கோப்பில் யாரும் அதிகம் கேட்கவில்லை என்பது பக்கங்களைப் பார்த்தாலே தெரிந்தது. கிழக்கில் வேலை செய்கிற எங்களுக்கு இது ஒரு தொழில் வியாதி. போர், சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு என்று யாருடைய பயத்துக்கும் இங்கே ஒரு காரணம் தயாராக நிற்கிறது. காரணம் கையில் கிடைத்துவிட்டால் கேள்வி நின்றுவிடும்.

இரண்டு விதமான பயம்

முதலில் அவர் சொன்னது பஸ்ஸைப் பற்றி. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற பஸ். சனம் நெருக்கம், உட்கார இடமில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு உள்ளே போகாதது போல இருக்கிறது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறுவிறுப்பு. அப்புறம் இரண்டு கை விரல்களும் உள்ளே மடங்கி இறுகிக்கொள்கின்றன. "இப்பவே செத்துப்போகப் போறன் எண்டு தெரியும் டொக்டர்." களுவாஞ்சிகுடியில் இறங்கி, ஒரு கடை வாங்கில் உட்கார்ந்தார். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்ததும், கொண்டக்டர் "அக்காவுக்குக் காத்துப் பத்தல்ல" என்று பகிடி விட்டதும், பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் விசிறியதும் ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. இருபது நிமிடமளவில் எல்லாம் தணிந்துவிட்டது. அதன் பிறகு பஸ் என்றாலே பயம். வேலைக்குக் கணவரின் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்.

இது பாடப்புத்தகப் பீதித் தாக்கம். சந்தேகமே இல்லை.

கடிதத்தை மூடிவிட்டு மருந்தின் அளவைக் கூட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் "எத்தனை தரம் வருகிறது?" என்று கேட்டபோது அவர் தடுமாறினார். பஸ்ஸில் வருவது மாதத்தில் ஒன்று. குசினியில் வருவது கிழமையில் இரண்டு மூன்று. குசினியில் நெருக்கடியும் இல்லை, சனமும் இல்லை. இரண்டும் ஒரே மாதிரியா என்று கேட்டேன்.

"இல்லையே. அது வேற."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கல்ல. பயம் எண்டா பயம்தானே."

குசினிப் பயத்தை விவரிக்கச் சொன்னால் நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து என்னவோ ஒன்று மேலே ஏறும். அதோடு பயம். எதற்கென்று தெரியாத பயம்; சாவதைப் பற்றிய யோசனைகூட அதில் இல்லை. "மறுகா ஒண்டும் தெரியாது." ஒவ்வொரு தரமும் அதே வயிறு, அதே ஏற்றம், அதே பயம். இந்த 'அதே' என்ற சொல்லைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பீதித் தாக்கம் ஆளையும் இடத்தையும் பொறுத்து முகம் மாறும்: ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் மூச்சு, ஒரு நாள் தலைச்சுற்று. வலிப்பு ஒரே மூளைப் பகுதியில் ஒரே வழியாகத் தொடங்குவதால், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி வரும்.

கணவர் நடித்துக் காட்டியது

விறாந்தையில் காத்திருந்த கணவரை உள்ளே கூப்பிட்டோம். "எப்படி இருப்பா என்று சொல்லாதீங்க, செய்து காட்டுங்க" என்றேன். கூச்சப்பட்டார். பிறகு எழுந்து நின்று செய்தார்.

கண் திறந்தபடி ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாய் எதையோ மெல்லுவது போல அசைகிறது. வலது கை சட்டைத் தொங்கலைத் தேய்த்துத் தேய்த்துப் பிடிக்கிறது. இடது கை விறைத்து, மணிக்கட்டில் முறுகி, உடம்போடு ஒட்டி நிற்கிறது. கூப்பிட்டால் "வாறன், வாறன்" என்கிறார். ஆனால் வருவதில்லை. முடிந்ததும் வலது கையால் மூக்கைத் துடைக்கிறார். அதற்குப் பிறகு பத்து நிமிடமளவு தூக்கக் கலக்கம் மாதிரி, "பிள்ளை ஸ்கூலால வந்திட்டாளா?" என்று மூன்று நாலு தரம் கேட்பார். பிள்ளை பக்கத்திலேயே நிற்கும்.

அவர் நடித்து முடிக்கும்வரை மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்படியா சொல்றனான்?" என்று கேட்டார். "வாறன்" என்று தான் சொன்னது அவருக்குத் தெரியாது.

வீட்டாரை இவ்வளவு நாள் ஏமாற்றியது அந்த "வாறன்"தான். கதைக்கிறாள் என்றால் நினைவு இருக்கிறது, நினைவு இருந்தால் வலிப்பு இல்லை என்று எல்லாரும் எண்ணினார்கள். வலிப்பு என்றால் விழுந்து, வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டி இழுப்பதுதான் என்பது ஊரின் கணக்கு. வலிப்பின் ஒரு வகைதான் அது. பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. வலிப்பு வலது பக்கத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால் ஆள் கதைக்கலாம், பதில் சொல்வது போலவும் இருக்கலாம். பிறகு ஒன்றும் நினைவிருக்காது. வலது கை தேய்ப்பதும் இடது கை முறுகுவதும்கூட மூளையின் வலது பொட்டுப் பக்கத்தைத்தான் (நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, காதை ஒட்டிய பகுதி) காட்டுகின்றன. ஆக, ஒரு மேசன் ஒரு நிமிடம் நடித்துக் காட்டியதிலேயே பக்கம் வரைக்கும் நோய் தெரிந்துவிட்டது. எந்த மெசினும் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்கவில்லை.

மாமியார் இதை அம்மாளின் கலை, அதாவது அம்மன் ஆளில் இறங்குவது என்று நம்பியிருந்தார். வைகாசிச் சடங்கில் உருவேறுகிறவர்களை வருடா வருடம் பார்த்தவர். கோயில் பூசாரியாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அவர் நூல் கட்டிவிட்டு, "இதுல தெய்வம் இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாராம். உருவேறுவதைப் பல வருடம் கிட்ட நின்று பார்த்த கண் அது. எங்கள் ஆட்கள் சிலரைவிட நன்றாகப் பார்த்திருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கைபேசி

அடுத்த முறை வீடியோ எடுத்து வரச் சொன்னோம். எத்தனை நேரம் நீடிக்கும் என்று கேட்டதற்குக் கணவர் "கால் மணித்தியாலம்", மாமியார் "அரை மணித்தியாலம்" என்றார்கள். வீடியோவில் 1 நிமிடம் 10 விநாடி. பயந்து நிற்கிறவர்களின் மணிக்கூடு எப்போதும் பிழையாகத்தான் ஓடும், நோயாளியுடையதும் அப்படித்தான். நேரம் தெரியாமல் இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம். பீதித் தாக்கம் சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, மெதுவாக இறங்கும். மொத்தம் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலம் வரை போகலாம். பொட்டுப் பக்க வலிப்பு சடாரென்று தொடங்கி, பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்து, குழப்பத்தை விட்டுப் போகும்.

வீடியோ எடுக்கிறவர்களுக்கு மூன்று விடயம் சொல்லிக்கொடுப்போம். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கையைத் தூக்கு" என்பது போல ஒரு சின்ன வேலை சொல்ல வேண்டும். அது நின்றவுடன் கெமராவை நிறுத்தக் கூடாது. பின்னால் வரும் அந்தக் கலங்கிய நிமிடங்கள்தான் பெறுமதியானவை. பீதித் தாக்கம் வந்தவர் களைத்துப்போவார், அழுவார், ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

பெரியம்மா

சின்ன வயதில் வலிப்பு வந்ததா என்ற கேள்விக்குக் கோப்பில் 'இல்லை' என்று இருந்தது. அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை. தெரிந்திருக்கக்கூடியவர் தாய், அவர் இல்லை. குழந்தை வயதுக் கிளினிக் அட்டையும் வீட்டோடு போய்விட்டது. பெரியம்மாவை ஒருமுறை கூட்டிவரச் சொன்னோம். வந்தவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனை வெளியே அனுப்பிய பிறகு, என்னைப் பார்த்துக் குரலைத் தணித்து, "மகன், இவளுக்குச் சின்னதுல காய்ச்சலோட ஒருக்கா இழுத்தது. ரெண்டு வயசிரிக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வரைக்கும் நிக்கல்ல. கலியாணம் பேசக்குள்ள நாங்க சொல்லல்ல" என்றார்.

காய்ச்சல் வலிப்பு பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தீங்கும் செய்யாமல் போய்விடும். இதைப் படித்துவிட்டுப் பெற்றோர் பதற வேண்டாம். ஆனால் அரை மணித்தியாலமளவு நீண்ட காய்ச்சல் வலிப்புக்கும், பல வருடம் கழித்து வரும் பொட்டுப் பக்க வலிப்புக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. பெரியம்மாவைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. வலிப்பு என்று தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள் என்ற கணக்கு அவர் போட்டதல்ல. 'பயம்', 'நரம்புத்தளர்ச்சி', 'கண்ணூறு' என்ற பெயர்களை வீடுகள் சுலபமாக ஏற்றுக்கொள்வதற்கும் அந்தக் கணக்குத்தான் காரணம்.

பரிசோதனைகள்

நரம்பியல் பரிசோதனையில் குறை இல்லை. இரத்தச் சீனி, தைரொயிட், இரத்த எண்ணிக்கை, ஈ.சி.ஜி. எல்லாம் சரி. இவற்றைச் சடங்குக்காகச் செய்வதில்லை: சீனி இறங்கினாலும், தைரொயிட் கூடினாலும், இதயத் துடிப்பு தாளம் தப்பினாலும் 'திடீர்ப் பயம்' என்றுதான் ஆட்கள் வந்து சொல்வார்கள்.

முதல் ஈ.ஈ.ஜி. சாதாரணம். அறிக்கை வந்ததும் வீட்டில் நிம்மதி: வலிப்பு இல்லை! அப்படி இல்லை என்று விளங்கப்படுத்த ஒரு முழுச் சந்திப்பு போனது. வழமையாக எடுக்கும் ஈ.ஈ.ஜி. என்பது அரை மணித்தியால மூளை மின்பதிவு. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் தெரியாது. வலிப்பு ஆழத்தில் சின்னதாக நடந்தால், நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்தாலும் மண்டையோட்டுக்கு வெளியே ஒட்டிய கம்பிகளுக்கு அது எட்டாமல் போகலாம். நித்திரை முழித்துவிட்டு வந்து எடுத்த இரண்டாவது பதிவில், கண் அயர்ந்த நேரம், வலது பொட்டுப் பக்கத்தில் வலிப்பைக் காட்டும் கூர் அலைகள் தெரிந்தன. காத்திருந்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், பொட்டுப் பக்கத்தின் உள்ளே இருக்கும் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் வலது பக்கத்தில் சுருங்கி, வடுப்பட்டிருந்தது.

பயம் அங்கிருந்து ஏன் வருகிறது என்பதற்கு விளக்கம் எளிது. ஹிப்போகாம்பஸுக்கு முன்னால் ஒட்டினாற்போல் இருப்பது அமிக்டலா, மூளையின் அபாய மணி. உண்மையான ஆபத்திலும் பீதித் தாக்கத்திலும் வலிப்பிலும் அடிப்பது அதே மணிதான். ஆகவே 'எவ்வளவு பயம்?' என்று கேட்டு ஒன்றையும் பிரிக்க முடியாது. பஸ்ஸில் விரல் மடங்கியது வேறு வழி: வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, இரத்தத்தின் காரத்தன்மை கூடி, கல்சியத்தின் ஒரு பகுதி கட்டுண்டு போவதால் வரும் இறுக்கம். ஆள் முழு நினைவோடு இருக்க இரண்டு கையும் ஒரே அளவில் இறுகினால் முதலில் மூச்சைப் பாருங்கள்.

மருந்து காட்டிய பொய்ச் சாட்சி

எங்களிடம் வருமுன் வேறொரு இடத்தில் குளோனசிபாம் கொடுத்திருக்கிறார்கள். குசினிப் பயம் மூன்று மாதம் நன்றாகக் குறைந்தது. "பதற்றக் குளிசைக்குக் கேட்டது, ஆகவே பதற்றம்" என்று கோப்பில் எழுதப்பட்டுவிட்டது. குளோனசிபாம் வலிப்பு மருந்தும்தான். அந்த வகைக் குளிசைகள் இரண்டையும் தணிக்கும். குறைந்தது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குளிசை முடிந்து, அவராகவே சட்டென்று நிறுத்தியபோது தாக்கங்கள் முன்னைவிட அதிகமாக வந்தன. அதுவும் 'பதற்றம் கூடிவிட்டது' என்றே பதியப்பட்டது.

நித்திரையில் எழும்பினால் வலிப்பு, விழித்திருக்கும்போது வந்தால் பீதி என்ற இன்னொரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. நித்திரையிலிருந்து தூக்கிப்போடும் பீதித் தாக்கமும் உண்டு. வித்தியாசம், எழும்பிய பிறகு ஆள் முழுத் தெளிவோடு இருக்கிறாரா, காலையில் கேட்டால் நடந்ததைச் சொல்கிறாரா என்பதில்தான்.

மூன்றாவது ஒன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: வலிப்பு மாதிரியே தெரியும், ஆனால் மூளை மின்சாரத்தால் வராத மனம் சார்ந்த தாக்கங்கள். கண் இறுக மூடியிருக்கும், தலை பக்கத்துக்குப் பக்கம் ஆடும், கூடிக் குறைந்து நீண்ட நேரம் போகும். அவர்கள் நடிக்கவில்லை. அவர்களுக்கும் சிகிச்சை வேண்டும். வலிப்புக் குளிசை அந்தச் சிகிச்சை அல்ல.

பிழை எதிர்ப் பக்கமாகவும் போகும். அம்பாறைக் கரையோரத்து இளைஞர் ஒருவர், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர், தகப்பனின் மரணச் சடங்கில் மூச்சு வாங்கி, கை மடங்கி, நடுங்கினார். அவசரமாக எடுத்த ஈ.ஈ.ஜி.யில் எதையும் குறிக்காத சில மெது அலைகளை யாரோ 'வலிப்பு' என்று வாசித்துவிட்டார்கள். கார்பமசிபீன் என்ற வலிப்பு மருந்து தொடங்கப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் அந்தக் குளிசையே அவரை நிறுத்திவிட்டது. நடந்ததை முதலிலிருந்து கேட்டபோது, ஒரு நொடியும் நினைவு தப்பவில்லை. மையவாடியில் யார் யார் நின்றார்கள் என்று வரிசையாகச் சொன்னார். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த நரம்பியல் பிரிவு ஒத்துக்கொண்டது. போன வேலை திரும்பி வரவில்லை.

முடிவும் சிகிச்சையும்

முடிவாக எழுதியது இரண்டு நோய்: வலது பொட்டுப் பக்க வலிப்பு, கூடவே பீதி நோய். ஒன்று நிரூபணமானால் மற்றது பொய் என்று எண்ணத் தேவையில்லை. வலிப்பு உள்ளவர்களுக்குப் பதற்ற நோய்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே வருகின்றன. எப்போது எங்கே வருமென்று தெரியாத ஒன்றோடு வாழ்கிற ஆளுக்குப் பஸ் ஏறப் பயம் வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இரண்டாவது பிள்ளைக்கு விருப்பம் இருந்ததால் மருந்துத் தெரிவு கவனமாக நடந்தது. வல்ப்ரோயேட் இந்த வயதுப் பெண்களுக்கு முடிந்தவரை கொடுக்கக் கூடாத மருந்து: கர்ப்பத்தில் எடுத்தால் 100 குழந்தைகளில் 10 பேரளவுக்குப் பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 பேரளவுக்கு வளர்ச்சிச் சிக்கல். லெவிடிரசிட்டம் கர்ப்பத்துக்கு நல்லது, ஆனால் சிலருக்கு எரிச்சலையும் பதற்றத்தையும் கூட்டும். ஏற்கெனவே பதற்றம் உள்ளவருக்கு முதலாவதாக அதைக் கொடுக்க விரும்பவில்லை. நரம்பியல் வைத்தியர் லமோட்ரிஜினைத் தெரிவுசெய்தார். தினம் 25 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூட்டுவது. அவசரப்பட்டுக் கூட்டினால் தோலில் ஆபத்தான கொப்புளம் வரலாம். சொறி போல எதைக் கண்டாலும் அன்றே வரச் சொன்னோம். பீதிக்கு ஏற்கெனவே எடுத்த செர்ட்ரலினைத் தொடர்ந்தோம். வழமையான அளவில் அது வலிப்பைத் தூண்டுவதில்லை.

பஸ்ஸுக்கு மருந்து மட்டும் போதாது. எங்கள் உளவளத்துணையாளர் அவரோடு முதலில் ஒரு தரிப்பிடம், பிறகு இரண்டு, பிறகு களுவாஞ்சிகுடி வரை என்று ஏற்றிப் பழக்கினார். மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்கினார். கடதாசிப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை மட்டும் விடச் சொன்னோம்.

வீட்டுக்குச் சொன்னவை: கிணற்றுக் கட்டில் ஏறி நின்று தனியே தண்ணீர் அள்ள வேண்டாம். அடுப்படியில் ஒருவர் கூட இருக்கட்டும். ஸ்கூட்டி பழகும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். குசினியில் அது வந்தால் பிடித்து இழுக்காமல், நெருப்பிலிருந்து மட்டும் மெல்ல விலக்குங்கள். விழுந்து இழுத்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள்; வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுப்பதில் பயனில்லை; ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அடியுங்கள்.

குசினிப் பயம் குறைந்து நின்றது. திரும்ப வந்தது ஒரே ஒருமுறை, சடங்கு நாளில் இரவு முழுக்க முழித்து, விரதம் என்று குளிசையையும் விட்ட அடுத்த காலையில். நித்திரை முழிப்பு, தவறவிட்ட குளிசை: வலிப்புக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் இல்லை. விரதத்துக்குக் குளிசை விலக்கு அல்ல என்பதை இந்த முறை அந்தப் பூசாரியாரைக் கொண்டே மாமியாருக்குச் சொல்ல வைத்தோம். பஸ்ஸில் இன்னும் சில நாள் நெஞ்சு அடிக்கிறது; இறங்காமல் இருந்துவிடுகிறார்.

இப்போது போலிக் அமிலம் 5 மில்லிகிராம் தினமும் எடுக்கிறார். கர்ப்பம் தரித்தால் லமோட்ரிஜினின் அளவு இரத்தத்தில் குறையும், குளிசையைக் கூட்ட வேண்டி வரும். பயந்துபோய் அவராக நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இதைக் குடும்ப நல மருத்துவமாதுவிடமும் சொல்லி அட்டையில் பதியச் செய்திருக்கிறோம். பெரியம்மா இரகசியமாகச் சொன்னதைக் கணவரிடம் சொல்வதா என்பதை நோயாளியிடமே விட்டோம். அவர் சொல்லிவிட்டாராம். "அதுக்கென்ன" என்றாராம் கணவர்.